லாவா விளக்கில் மெழுகு எழவில்லை, தண்ணீரும் கலங்கிவிட்டது: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நியூ ஜெர்சியில் இருந்தபோது வாங்கிய 14.5 அங்குல லாவா விளக்கு, அதாவது கண்ணாடிப் பாட்டிலுக்குள் மெழுகு உருண்டைகள் ஏறி இறங்கும் அலங்கார விளக்கு. அங்கே நன்றாக ஓடியது. ஊர் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தீர்கள், ஒரு வருடம் பரணில் கிடந்தது. இப்போது சென்னையில் சொருகியதும் பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. கடைக்காரர் கொடுத்த எல்இடி பல்பைப் போட்டால் வெளிச்சம் வருகிறது, மெழுகு மட்டும் அடியில் மேடாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரும் கலங்கலாக இருக்கிறது. மூடியைத் திறந்து புதுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பாட்டிலுக்குள் பெரிய கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கோளாறு பல்பில் இருக்கிறது. இந்த விளக்கைப் பொறுத்தவரை பல்பு வெளிச்சத்துக்காக அல்ல, அடுப்பாக இருக்கிறது. லாவா விளக்கில் வரும் பத்துப் புகாரில் பெரும்பாலானவை கடைசியில் வெப்பம் போதவில்லை அல்லது கூடிப்போனது என்பதில்தான் வந்து நிற்கும். அதைச் சரிசெய்யாமல் மூடியைத் திறந்தால் நன்றாக இருக்கும் பாட்டிலையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் எல்லாம் சுலபமாகப் புரியும். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள பூல் நகரில் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்பவர் 1963ல் இந்த விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் தத்துவம் ஒன்றுதான். பாரஃபின் மெழுகு தண்ணீரைவிட லேசானது. அப்படியே விட்டால் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். அதனால் அதில் கனமான ஒரு ரசாயனத்தைக் கலந்து, குளிர்ந்த நிலையில் சுற்றியிருக்கும் திரவத்தைவிட ஒரு துளி கனமாக ஆக்குகிறார்கள். அடியில் சூடு பட்டதும் மெழுகு உருகி விரிகிறது. திரவமும் விரியத்தான் செய்கிறது, ஆனால் மெழுகு அதைவிட அதிகமாக விரிகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தில் அது லேசாகி மேலே ஏறுகிறது. மேலே போனதும் சூடு குறைந்து, சுருங்கி, கனமாகி இறங்குகிறது. அடியில் ஒரு உலோகச் சுருள் கம்பி வளையமாகக் கிடக்கும். அதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். இறங்கி வரும் உருண்டைகள் அந்தச் சூடான கம்பியில் பட்டு, மேல்தோல் உடைந்து, மறுபடி ஒன்றாகச் சேர்வதற்காகத்தான் அது இருக்கிறது. அது தன் இடத்தில் இல்லையென்றால் மெழுகு சேராமல் துண்டு துண்டாகக் கிடக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் விளக்கின் உள்ளே சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். இப்போது உங்கள் எல்இடி பல்பை யோசித்துப் பாருங்கள். பழைய குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் விடுகிறது. மற்ற இடங்களில் அது வீண் செலவு. இங்கே அதுதான் தேவை. எல்இடி எடுப்பதே சில வாட்தான். அதில் வரும் கொஞ்ச நஞ்சச் சூடும் பல்பின் கழுத்துப் பக்கமாகப் போய்விடுகிறது, பாட்டிலின் அடியில் படுவதில்லை. நாள் முழுக்க எரியவிட்டாலும் மெழுகு அசையாது. சிஎஃப்எல் பல்பும் இதற்கு உதவாது.

அடுத்தது, உங்கள் முதல் பல்பு ஏன் போனது என்பது. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230. அங்கே 25 வாட் எரிந்த பல்பு இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சக்தியை இழுக்கும். இழை தாங்காது, ஒரு மினுக்கில் போய்விடும். சிலர் இதைத் தவிர்க்க 230ஐ 110 ஆக இறக்கும் கன்வர்டர் வாங்கி வைக்கிறார்கள். அது வேலை செய்யும்தான். ஆனால் ஒரு 25 வாட் விளக்குக்காகக் கனமான ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை பல்பு போகும்போதும் அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட, அடிப்பாகத்துக்குள் இருக்கும் ஹோல்டரையும் ஒயரையும் சுவிட்சையும் பிளக்கையும் மாற்றிவிடுவது நல்லது. அமெரிக்க விளக்குகளில் அவை 125 வோல்ட்டுக்குச் செய்தவை. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. உலோக அடிப்பாகம் என்பதால் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஒயர் உரசிப் புண்ணானால் அடிப்பாகம் முழுவதிலும் ஷாக் அடிக்கும்.

ஹோல்டர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். அமெரிக்க 14.5 அங்குல விளக்கில் பல்பின் திருகு 17 மில்லிமீட்டர் அகலம். நம் ஊரில் கிடைக்கும் சின்னத் திருகு பல்பு 14 மில்லிமீட்டர், அட்டையில் இ14 என்று போட்டிருக்கும். இது அதில் லொடலொடவென்று நிற்கும். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் தீப்பொறிதான். அதனால் ஹோல்டரை இ14 ஆக மாற்றிவிட்டு, 230 வோல்ட், 25 வாட், ஆர்39 என்று எழுதியிருக்கும் பல்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆர் என்பது ரிஃப்ளெக்டர். பக்கவாட்டில் வெள்ளி பூசி, மேல் முகம் மட்டும் தெளிவாக இருக்கும். அந்த வெள்ளிப் பூச்சு வெளிச்சத்தையும் சூட்டையும் பக்கங்களில் சிதறவிடாமல் பாட்டிலின் அடியைப் பார்த்து அனுப்புகிறது. 39 என்பது முகத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஆன்லைனில் கிடைக்கிறது, பெரிய மின்சாதனக் கடைகளில் கேட்டாலும் வரவழைத்துத் தருவார்கள்.

உப்புக்கல் விளக்குக்கு விற்கும் 15 வாட் பல்பும் இ14தான், சுலபமாகக் கிடைக்கும். ஆனால் 15 வாட் என்பது 11.5 அங்குலச் சின்ன விளக்குக்கான அளவு. வீட்டில் கிடக்கும் பழைய ஜீரோ வாட் பல்பும் உண்மையில் 15 வாட் வரை இழுக்கும் குண்டு பல்புதான், ஆனால் அது பெரும்பாலும் இரண்டு முளை வைத்த பின் டைப், திருகு ஹோல்டரில் உட்காராது. மறுபக்கம், சீக்கிரம் சூடாகட்டும் என்று 40 வாட் போடாதீர்கள். 27 அங்குலம் உயரமுள்ள பெரிய விளக்குக்கு 100 வாட் போடுகிறார்களே என்று கேட்கலாம். அதில் இருக்கும் திரவமும் மெழுகும் பல மடங்கு. விளக்கின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு.

சரி, பல்பு வந்துவிட்டது, போட்டாயிற்று. இனிமேல்தான் பொறுமை வேண்டும். சமதளமான, ஆட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். ஒரு விளக்கு ஓடத் தொடங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். ஒரு வருடம் சும்மா கிடந்த விளக்கு முதல் தடவை ஐந்து மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். முதலில் மெழுகின் அடி மட்டும் உருகும். உருகிய மெழுகு மேல் ஓட்டைத் துளைத்துக்கொண்டு ஒல்லியான தூணாக எழும்பி, பாதி உயரத்தில் உறைந்து நிற்கும். பக்கத்தில் இன்னொன்று எழும்பும். பார்ப்பவர்கள் இதைத்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிடுகிறார்கள். கெடவில்லை. விட்டுவைத்தால் அந்தத் தூண்கள் அடியிலிருந்து வளைந்து, சரிந்து, உருகி மற்ற மெழுகோடு சேரும். அதற்கப்புறம்தான் முதல் முழு உருண்டை கழன்று மேலே போகும். முதல் நாள் அரைகுறையாக ஓடினாலும் கவலை வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் மறுபடி போடுங்கள். மூன்று, நான்கு சுற்றுக்குப் பிறகுதான் ஒரு விளக்கின் உண்மையான ஓட்டம் தெரியும்.

உங்கள் விளக்கு விமானத்தில் பெட்டிக்குள் வந்தது என்பதால் சுருள் கம்பியையும் பார்க்க வேண்டும். ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி அடியில் வட்டமாகப் படுத்திருந்தால் நிம்மதி. பயணத்தில் பாட்டில் தலைகீழாகக் கிடந்திருந்தால், வெயிலில் மெழுகு இளகியபோது கம்பி அதற்குள் மாட்டி, ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டோ நடுவிலோ நிற்கும். அப்படியென்றால் மெழுகு முழுவதும் உருகும்வரை எரியவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தடித்த துணியால் பாட்டிலைப் பிடித்து, அடிப்பாகத்தில் உட்கார்ந்த நிலையிலேயே மெதுவாக வலமும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தூக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது. கம்பி தன் எடையில் இறங்கி உட்கார்ந்துவிடும். ஒரு தடவையில் இறங்கவில்லையென்றால் ஆறவிட்டு மறுநாள் செய்யலாம். சூடாக இருக்கும்போது குலுக்குவது மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று கலங்கலைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினை ஒன்று சென்னையில் உங்களுக்கு நிச்சயம் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இந்த விளக்குகளை 20 முதல் 24 டிகிரி வரை உள்ள அறைக்காகச் செய்கிறார்கள். நியூ ஜெர்சியில் வீட்டுக்குள் அதுதான் இருக்கும். நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 34, 35 டிகிரியில் நிற்கும். பாட்டிலின் மேல்பக்கமும் சூடாகவே இருப்பதால் ஏறிப்போன மெழுகு ஆறுவதற்கு இடமில்லை. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். மெழுகு மொத்தமாக மேலே போய்த் தொப்பியாக ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் நிறையச் சின்னச் சின்ன மணிகளாக உடைந்து பரபரவென்று அலையும். இதைப் பார்த்துப் பல்பு பழுது, திரவம் பழுது என்று போகாதீர்கள். சூடு அதிகம், அவ்வளவுதான். அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி பெரிய உருண்டைகள் வரும்.

கோடை முழுக்க இப்படி அணைத்து அணைத்துப் போடுவது அலுப்பாக இருந்தால், குண்டு பல்புக்கான 230 வோல்ட் டிம்மர் ஒன்றை ஒயரில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். மெழுகு நன்றாக ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் நம் ஊர் லாவா விளக்குக்கு இதைவிட உபயோகமான பொருள் வேறு இல்லை. மின்விசிறி ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது வேறு வேலைக்குச் செய்தது. ஏசி அறையில் வைப்பதாக இருந்தால் ஏசி காற்று நேராகப் பாட்டிலில் அடிக்காத மூலையாகப் பாருங்கள். காற்று அடிக்கும் பக்கம் மட்டும் ஆறி, மெழுகு அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

இனி கலங்கல். இதில் மூன்று விதம் உண்டு. ஆறியிருக்கும்போது லேசாக மங்கலாக இருந்து, சூடேறியதும் தெளிந்துவிட்டால் அது குறையே இல்லை, பல விளக்குகள் அப்படித்தான். இரண்டாவது, குலுக்கியதால் வந்த கலங்கல். திரவத்தில் மெழுகு வழுக்கி ஓடுவதற்காகச் சோப்பு மாதிரியான பொருள் கொஞ்சம் கலந்திருப்பார்கள். உருகிய மெழுகைக் குலுக்கினால் அந்தப் பொருள் மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிடித்துத் தண்ணீரில் மிதக்க வைத்துவிடும். மோர் கடைந்ததும் வெண்ணெயும் மோரும் தனித்தனியாக வருமே, இங்கே அதற்கு நேர்மாறாகக் கலந்துபோகும். உங்களுடையது பெரும்பாலும் இந்த வகைதான், பயணத்தில் வந்தது. சரியான பல்பைப் போட்டு, ஐந்தாறு மணி நேரம் எரியவிட்டு, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, இப்படியே இரண்டு வாரம் செய்து பாருங்கள். ஆறிய பிறகு பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். மேல்பக்கம் தெளிவாகவும் அடிப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் துளிகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம், விட்டுவைத்தால் தானே சரியாகும்.

மூன்றாவது வகை வெயிலால் வருவது. ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் வைத்த விளக்கில் சாயம் வெளுத்துப்போகும், திரவமும் கெட்டுப்போகும். நாட்கணக்கில் அணைக்காமல் எரியவிட்டாலும் இதே கதிதான். இந்தக் கலங்கல் எத்தனை சுற்று ஓட்டினாலும் தெளியாது.

அந்தக் கடைசி நிலைக்கு வந்தால் மட்டும்தான் மூடியைத் திறப்பதைப் பற்றிப் பேசலாம். அதுவும் விளக்கு பழங்காலத்தது இல்லையென்றால்தான். ஆரம்ப கால விளக்குகளில் மெழுகைக் கனமாக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு கலந்தார்கள். நச்சுத்தன்மை காரணமாக அமெரிக்காவில் 1970ல் அதைத் தடை செய்தார்கள். அறுபதுகளின் விளக்கு கையில் இருந்தால் திறக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்திருங்கள்.

புது விளக்கு என்றால், ஒரு நாள் முழுக்க ஆறி மெழுகு கல்லாக இறுகியதும், மூடியைச் சோடா பாட்டில் ஓப்பனரால் ஓரம் ஓரமாக நெம்பி எடுங்கள். நெளியாமல் எடுத்தால் திரும்பப் பயன்படும். பழைய திரவம் கழுத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்று முதலிலேயே கண்ணாடியில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே விட்டிருக்கும் காற்று இடைவெளி சூட்டில் திரவம் விரிவதற்கானது, அதை நிரப்பிவிட்டால் பாட்டில் வெடிக்கலாம். திரவத்தை மெல்ல ஊற்றிவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு தடவை அலசி, குறித்த அளவுக்குச் சற்றுக் கீழே வரை டிஸ்டில்ட் வாட்டரே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் மறுபடி கலங்கலைக் கொண்டுவரும்.

இப்போது மூடி இல்லாமல் விளக்கைப் போட்டு மெழுகு முழுக்க உருகவிடுங்கள். வெறும் தண்ணீர் பழைய திரவத்தைவிட லேசு என்பதால் மெழுகு பெரும்பாலும் அடியிலேயே கிடக்கும். மருந்துக்கடையில் எப்சம் சால்ட் வாங்கி, கொஞ்சம் டிஸ்டில்ட் வாட்டரில் கரைகிற வரை கரைத்து, வடிகட்டி, சின்ன சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில துளி விடுங்கள், கால் மணி நேரம் பொறுங்கள், பாருங்கள், மறுபடி சில துளி. இந்த இடத்தில் அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும், ஏனென்றால் கரைசல் கீழிருந்து மேல்வரை கலக்கவே நேரம் ஆகும். மெழுகு ஒரு கட்டத்தில் மெல்லக் குவிந்து எழும்பும், அங்கே நிறுத்திவிடுங்கள். அதையும் தாண்டி மேலேயே தங்கிவிட்டால் உப்பு கூடிவிட்டது. கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு அதே அளவு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். சமையல் தூள் உப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கிறது, கல் உப்பில் மண் இருக்கிறது, இரண்டையும் தவிர்க்கிறேன். மெழுகு கண்ணாடியில் ஒட்டினால் மட்டும், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளி விடுவதற்கு முன் ஒரு முழு நாள் பொறுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். மெழுகு சீக்கிரம் உருகட்டும் என்று யாரும் பாட்டிலை அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீரிலும் இறக்கக் கூடாது. 2004ல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் 24 வயது இளைஞர் ஒருவர் லாவா விளக்கை அடுப்பில் வைத்துச் சூடாக்கியபோது அது வெடித்தது. கண்ணாடித் துண்டு இதயத்தில் பாய்ந்து இறந்துபோனார். மூடியிட்ட பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறுவதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருக்கும் திரவத்தைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள், ஒயரையும் மேசைக்குப் பின்னால் விடுங்கள். பாட்டிலின் அடியில் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் அன்றோடு அதை ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள், ஒட்டி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். திரவம் கசிந்தாலும் அப்படித்தான், அது கீழே இருக்கும் ஹோல்டரில்தான் சொட்டும்.

ஆக, இந்த வாரம் ஹோல்டரையும் ஒயரையும் மாற்றி 25 வாட் பல்பைப் போடுங்கள். மூடியில் கை வைக்காமல் இரண்டு வாரம் ஓட்டுங்கள். அதற்கும் மெழுகு எழவில்லையென்றால், நான்கு மணி நேரம் எரிந்த பிறகு மெழுகு முழுக்க உருகியிருக்கிறதா, எவ்வளவு உயரம் எழுந்தது, அப்போது அறையில் எத்தனை டிகிரி என்று குறித்துச் சொல்லுங்கள். முழுக்க உருகியும் எழவில்லையென்றால் திரவத்தின் கனத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். உருகவே இல்லையென்றால் பல்புக்கும் பாட்டிலின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். புது ஹோல்டர் பழையதைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருந்தால் சூடு போய்ச் சேராது, கீழே ஒரு வாஷர் வைத்து உயர்த்தினால் சரியாகிவிடும்.